எந்த வாசல் வழியாக: முதுநிலைச் சமூகவியலும் சமூகப்பணியும்



சமூகவியலும் சமூகப்பணியும் நம் கல்லூரிகளில் தனித்தனித் துறைகள். பாடத்திட்டக் குழு வேறு, தேர்வாளர் பட்டியல் வேறு, படித்து முடித்தபின் தேடும் வேலையும் வேறு. இரு துறை மாணவர்களும் ஒரே ஊருக்குப் போய் வருகிறார்கள். ஒருவர் போனது மற்றவருக்குத் தெரிவதில்லை. இந்தப் பிரிவு எப்படி வந்தது, அதனால் முதுநிலைக் கல்வி எதை இழந்தது, இழந்ததில் எவ்வளவை மீட்கலாம் என்று இன்று பேச விரும்புகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தெருவுக்குள் எந்த வாசல் வழியாக நுழைகிறோமோ, அந்த வாசலிலிருந்து தெரிகிற அளவுதான் அந்தத் தெரு நமக்குத் தெரியும். சமூகவியல் மாணவர் பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்களின் அனுமதியோடு நுழைகிறார். சமூகப்பணி மாணவர் ஒரு மருத்துவமனை, ஒரு காப்பகம், ஒரு தொண்டு நிறுவனம் வழியாக, அதாவது மக்களின் கஷ்டத்தின் வழியாக நுழைகிறார். இரண்டு வழியிலும் ஒருமுறையாவது போய்வராத படிப்பு முதுநிலைப் படிப்பாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டும் பிறந்த இடம் ஒன்றுதான். 1889-இல் சிகாகோ நகரின் ஹால்ஸ்டெட் தெருவில் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நெருக்கியடித்துக் குடியிருந்த பகுதி அது. லண்டன் கிழக்கில் 1884-இல் தொடங்கிய டாய்ன்பீ ஹால் அவர்களுக்கு முன்மாதிரி. படித்தவர்கள் ஏழைகள் நடுவே குடிவந்து அண்டை வீட்டாராக வாழ வேண்டும் என்பதே ஏற்பாடு. ஹல் ஹவுஸ் தொடங்கி மூன்று ஆண்டுகள் கழித்து, 1892-இல், அதே நகரில் சிகாகோ பல்கலைக்கழகம் ஆல்பியன் ஸ்மால் தலைமையில் சமூகவியல் துறையைத் திறந்தது. ஆரம்ப ஆண்டுகளில் இரண்டுக்கும் நடுவே போக்குவரத்து நிறைய இருந்தது.

1895-இல் ஹல் ஹவுஸில் வாழ்ந்தவர்கள் ஒரு நூலை வெளியிட்டார்கள். அதில் இரண்டு வண்ண வரைபடங்கள் உண்டு. எந்த வீட்டில் எந்த நாட்டார் குடியிருக்கிறார்கள் என்று ஒன்று காட்டியது. ஒவ்வொரு குடும்பத்தின் வாரக் கூலி எவ்வளவு என்று மற்றது காட்டியது. லண்டனில் சார்லஸ் பூத் தெருத்தெருவாக வறுமைக்கு வண்ணம் தீட்டிக் காட்டியதைப் பின்பற்றிய வேலை அது. அதற்கான கணக்கெடுப்பை முன்நின்று நடத்தியவர் ஃபுளோரன்ஸ் கெல்லி. அவரை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே துணி தைத்துக் கொடுத்துக் குழந்தைகளும் தாய்மார்களும் வதைபடுவதைக் கணக்கெடுத்தவர் அவர். அந்தக் கணக்கோடு சட்டமன்றத்துக்குப் போனவரும் அவரே. 1893-இல் இல்லினாய் மாநிலம் பெண்களின் வேலைநேரத்தை எட்டு மணியாகக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றியது. அதன் முதல் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராகக் கெல்லியே அமர்த்தப்பட்டார். 1895-இல் மாநில உச்ச நீதிமன்றம் எட்டு மணிநேரப் பிரிவைச் செல்லாது என்றது. அதற்காக அவர் கணக்கெடுப்பையும் விடவில்லை, போராட்டத்தையும் விடவில்லை. ஆராய்ச்சி செய்தவர் யார், பணி செய்தவர் யார் என்று அவரிடம் பிரித்துப் பார்க்க முடியாது. அந்த வீட்டைச் சமூகவியல் ஆய்வுக்கூடம் என்று பிறர் அழைத்ததை ஜேன் ஆடம்ஸ் விரும்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்து மனிதர்கள் ஆய்வுப் பொருளாகிவிடக் கூடாது என்பது அவர் கவலை.

அந்த நூலுக்கு ஒரு கட்டுரை எழுதியவர் இசபெல் ஈட்டன். அடுத்து அவரை ஃபிலடெல்பியாவில் பார்க்கிறோம். அங்கே 1896-இல் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ், ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற மறு ஆண்டே, கறுப்பின மக்கள் வாழ்ந்த ஏழாம் வார்டில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். மனைவியோடு அந்த வார்டிலேயே ஓர் அறையில் குடியிருந்தார். 1899-இல் அவருடைய நூல் வெளிவந்தபோது, வீட்டுவேலை செய்வோரைப் பற்றிய ஈட்டனின் ஆய்வும் அதில் இணைந்து வந்தது. கறுப்பின மக்களின் வறுமைக்கும் குற்றங்களுக்கும் அவர்கள் பிறவியைக் காரணம் காட்டியவர்களுக்கு, வேலை மறுப்பும் வாடகைச் சுரண்டலும் அடிமை முறையின் மிச்சங்களுமே காரணம் என்று வீட்டுக்கு வீடு திரட்டிய சான்றுகளோடு அவர் விடை சொன்னார். அவ்வளவு பெரிய ஆய்வை ஒப்படைத்த பல்கலைக்கழகம் அவருக்கு வகுப்பெடுக்க இடம் தரவில்லை. அமெரிக்கச் சமூகவியலின் பிறப்பைப் பேசும்போது அவர் பெயரை முதல் வரிசையில் வைக்கப் பல தலைமுறை ஆனது. அந்த அநீதியைச் சொல்லாமல் இந்த வரலாற்றைக் கற்பிக்கக் கூடாது.

பிரிவுக்குக் காரணங்கள் இருந்தன; அவற்றை அற்பமாக நினைக்க வேண்டியதில்லை. 1915-இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் ஒரு மாநாட்டில் சமூகப்பணி முழுமையான தொழில்முறைத் துறை ஆகவில்லை என்று சொன்னார். தனக்கென்று ஒரு முறையியல் வேண்டும் என்ற தவிப்பு சமூகப்பணியாளரிடம் ஏற்கனவே இருந்தது. 1917-இல் மேரி ரிச்மண்ட் எழுதிய நூல், ஒரு குடும்பத்தின் நிலையைச் சான்றுகளோடு அறிவது எப்படி என்று கற்பித்தது. மறுபுறம் சிகாகோ சமூகவியல் துறையில் ராபர்ட் பார்க் வந்து சேர்ந்திருந்தார். பத்திரிகை நிருபராக இருந்தவர். மாணவர்களை நூலகத்திலிருந்து தெருவுக்குத் துரத்தியவர். ஆனால் சீர்திருத்தம் பேசுவோரிடம் அவருக்குப் பொறுமை இல்லை. நல்லது செய்யப் போகிறவர் உள்ளதை உள்ளபடி பார்க்க மாட்டார் என்பது அவர் எண்ணம். 1920-இல் சமூகப்பணிப் பயிற்சிப் பள்ளி சிகாகோ பல்கலைக்கழகத்துக்குள் வந்தபோது, சமூகவியலோடு சேராமல் தனி முதுநிலைப் பள்ளியாகவே அமைந்தது. 1924-இல் எடித் அபட் அதன் தலைவரானார். புள்ளியியல், சட்டம், சமூக ஆராய்ச்சி தெரியாமல் ஒரு சமூகப்பணியாளர் வெளியே வரக் கூடாது என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அவர் பள்ளியில் ஆராய்ச்சி இருந்தது. எனவே ஆராய்ச்சி ஓரிடம், தொண்டு ஓரிடம் என்று பிரிந்ததாக நினைக்க வேண்டாம். சமூகவியலை விட்டு விலகிப்போனவர்கள், தெருவாசிகளுக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டிருந்த அந்த ஹல் ஹவுஸ் பெண்கள்தான். பெரிய இழப்பு சமூகவியலுக்கே என்று நினைக்கிறேன்.

இந்தியாவுக்கும் இந்தக் கதைக்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிடப் பழையது. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் 1912-இல் சமூக அறிவியல் துறை உருவானபோது அதற்குப் பணம் கொடுத்தவர் பம்பாயின் சர் ரத்தன் டாடா. இங்கிலாந்தின் வறுமையை ஆராய இந்தியப் பணம். அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தவர்களுள் ஒருவர், டாய்ன்பீ ஹாலில் செயலராக இருந்த கிளெமென்ட் அட்லி. 1947-இல் நம் விடுதலைச் சட்டம் நிறைவேறியபோது பிரிட்டனின் பிரதமராக இருந்த அதே அட்லிதான். 1920-இல் சமூகப்பணியாளரைப் பற்றித் தனி நூலே எழுதியவர்.

நம் நாட்டில் இரு துறைகளும் பம்பாயில்தான் வேர்விட்டன, ஆனால் வேறு வேறு வாசல் வழியாக. 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகச் சமூகவியல் துறைக்கு வந்தவர் பேட்ரிக் கெடஸ். ஊரைத் திட்டமிடுவதற்குமுன் ஊரை நடந்து பார் என்று சொன்னவர். சென்னைக்கு அவரை வேறொரு வகையில் தெரியும். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை 1914-இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்தது, ஆம், சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட அதே எம்டன். நண்பர்கள் அவசர அவசரமாக மறுபடி திரட்டி அனுப்பிய வரைபடங்களைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது. கெடஸுக்குப்பின் 1924-இல் துறைத்தலைவரான ஜி. எஸ். குர்யே நூல்களின் மனிதர்; ஆனால் மாணவர்களை நாடெங்கும் களத்துக்கு அனுப்பினார். எம். என். சீனிவாஸ் அவர் மாணவர்.

சீனிவாஸ் 1948-இல் மைசூர்ப் பகுதியில் ராம்புரா என்று அவர் பெயரிட்ட கிராமத்தில் தங்கினார். பல ஆண்டுகள் உழைத்து அவர் தொகுத்த களக்குறிப்புகளின் மூன்று படிகளும் 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் வைக்கப்பட்ட தீயில் எரிந்தன; நினைவிலிருந்தே அவர் எழுதிய நூல் 1976-இல் வந்தது. மாணவர்கள் அந்தத் தீயை நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் அவர்களைக் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. அவர் தங்கியது ஊர்த்தலைவருக்குச் சொந்தமான, மாடு கட்டும் வீட்டில். அந்தத் தங்குமிடம் அவரை ஊரின் மேல்தட்டு ஆட்களோடு கட்டிப்போட்டது என்பதை அவரே நேர்மையாக எழுதியிருக்கிறார். அவருடைய மாணவர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62-இல் தஞ்சாவூர் மாவட்டத்தில், ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்ட ஊரில், அக்கிரகாரத்தில் குடியிருந்து ஆராய்ந்தார். சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று நழுவத் தொடங்கியதை அவ்வளவு தெளிவாக வேறு யாரும் அப்போது காட்டவில்லை. ஆனாலும் அக்கிரகாரத்திலிருந்து சேரிக்குப் போகும் தூரம் வெறும் நடைதூரம் இல்லை என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தலைசிறந்த இரண்டு ஆய்வுகளுக்கே இந்த வரம்பு இருந்தது என்றால், மூன்று வாரம் கேள்வித்தாளோடு போய்வரும் நம் மாணவரைப் பற்றி என்ன சொல்வது!

சமூகப்பணி வந்த வாசல் நாக்பாடா. கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார், சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், பம்பாய்த் தொழிலாளர்கள் வாழ்ந்த நாக்பாடாவில் அண்டைவீட்டு இல்லம் ஒன்றை நடத்தினார். அந்த அனுபவத்தின்மேல் 1936-இல் சர் தொராப்ஜி டாடா முதுநிலைச் சமூகப்பணிப் பள்ளி எழுந்தது. மான்ஷார்ட் அதன் முதல் இயக்குநர். 1944-இல் அது டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஆயிற்று. மான்ஷார்டுக்குப்பின் இயக்குநரானவர் தமிழர்: காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் உடன்பிறந்த ஜே. எம். குமரப்பா. ஆக, பம்பாயின் ஒரே தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றி இரண்டு முதுநிலைக் கல்வி நிலையங்கள் அக்கறை கொண்டிருந்தன; ஆனால் சிகாகோவில் உண்டான பிரிவு இங்கே பிறக்கும்போதே கூடவந்துவிட்டது.

பிறகு ஒரு சட்டம் சமூகப்பணிக் கல்வியின் திசையைத் திருப்பியது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 49-ஆம் பிரிவில், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகள் நல அலுவலரை அமர்த்த வேண்டும் என்றது. தொழிலாளர் நலம் படித்த முதுநிலைப் பட்டதாரிகள் தேவைப்பட்டார்கள். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் சென்னைச் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கிய காலமும் அதுவே. இன்று அந்தத் தொழிலாளர் நலப் படிப்பு மனிதவள மேலாண்மையாக வளர்ந்து நிற்கிறது. வேலை கிடைக்கிற பக்கம் மாணவர் போவதில் தவறே இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிற பெண்ணிடம் வேறு எதையும் கேட்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் தொழிலாளியின் பக்கம் நிற்பதற்காகச் சட்டம் உண்டாக்கிய பதவி, நிர்வாகத்தின் பக்கம் நகர்ந்தது எப்படி என்ற கேள்வியை வகுப்பில் எழுப்பச் சமூகவியல் தேவை. அந்தக் கேள்வியை எழுப்பாத எம்.எஸ்.டபிள்யூ. (முதுநிலைச் சமூகப்பணி) வகுப்பு பாதி வகுப்புத்தான்.

வரலாறு போதும். களத்துக்கு வருகிறேன்.

எம்.எஸ்.டபிள்யூ. மாணவர் வாரத்தில் இரண்டு நாள் களப்பணிக்குப் போகிறார். அரசு மருத்துவமனையில் ஒருவரைச் சந்திக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டட வேலைக்குப் போகிறவர். காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டியவர் மூன்றாவது மாதத்தில் நிறுத்திவிட்டார். மாணவரின் களப்பணி அறிக்கையில் என்ன இருக்கும் என்பது இங்குள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும். நோயாளிக்கு விழிப்புணர்வு இல்லை, ஆலோசனை வழங்கப்பட்டது, குடும்பத்தாருடன் பேசப்பட்டது. மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அவர் மாத்திரையை ஏன் நிறுத்தினார்? காலை ஆறரைக்கு மேஸ்திரி ஆள் எடுக்கும் முச்சந்தியில் நிற்காவிட்டால் அன்றைய கூலி போய்விடும். மாத்திரை கொடுக்கும் இடம் ஒன்பது மணிக்குத் திறக்கிறது. வேலை நடக்கும் இடம் மாதத்துக்கு ஒன்று. அடுத்த இடம் வேறு மாவட்டமாகவும் இருக்கலாம். இருமுகிறவன் என்று தெரிந்தால் மேஸ்திரி கூப்பிட மாட்டான்; அதனால் மாத்திரை அட்டையைத் தகரக் கொட்டகையில் கூட இருப்பவர்களுக்குத் தெரியாமல் ஒளித்துவைக்க வேண்டும். அந்த மனிதருக்கு விழிப்புணர்வுக் குறை எதுவும் இல்லை. வேலை எடுக்கப்படும் முறையும் மருந்து கொடுக்கப்படும் முறையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த மோதல் அவர் உடம்பில் நடக்கிறது. இதைப் பார்க்கச் சமூகவியல் கற்பிக்கிறது. மாத்திரையை வேலை இடத்துக்கு அருகிலேயே வாங்க யாரிடம் பேசுவது, அடுத்த மாவட்டத்துக்குச் சிகிச்சையை எப்படி மாற்றுவது, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிவுசெய்திருக்கிறாரா என்பதெல்லாம் சமூகப்பணி கற்பிக்கிறது. இவற்றுள் ஒன்று மட்டும் தெரிந்தவரால் அந்த மனிதருக்கு ஒரு பயனும் இல்லை.

மறுபக்கம் பாருங்கள். நகரத்து ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் சமூகவியல் மாணவி கேள்வித்தாள் நிரப்புகிறார். வயது, சாதி, வருமானம், பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் உள்ள தூரம். நான்காவது மாடியில் ஓர் அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, “ஏம்மா, ரேஷன் கார்டுல பழைய அட்ரஸே இருக்கு. மாத்தறதுக்கு எங்க போகணும்?” என்று கேட்கிறார். மாணவிக்குத் தெரியாது. அவருடைய பாடத்தில் அது இல்லை. ஆனால் அந்தக் கேள்வி ஒரு பெரிய சமூகவியல் தரவு. இத்தனை காலமாகியும் முகவரி மாறாத ஓர் அட்டை, அரசுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் நடுவிலுள்ள உறவைக் கேள்வித்தாளின் நாற்பது கட்டங்களைவிடத் தெளிவாகச் சொல்கிறது. அட்டையை மாற்ற அந்த அம்மாவோடு வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வந்திருந்தால், எத்தனை பேர் கையெழுத்து வேண்டும், எந்தச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள், எந்த இடத்தில் இடைத்தரகர் நுழைகிறார் என்று ஓர் அத்தியாயமே அந்த மாணவிக்குக் கிடைத்திருக்கும். உதவி செய்வது ஆய்வைக் கெடுக்கும் என்ற அச்சம் ராபர்ட் பார்க் காலத்து அச்சம். உதவி செய்யப்போகும்போதுதான் பல கதவுகள் தம் பூட்டைக் காட்டுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். சமூகப்பணி மாணவரின் களப்பணி ஏட்டில் மனிதர்களின் அந்தரங்கம் இருக்கிறது. குடிக்கிற கணவன், ஓடிப்போன மகள், வெளியில் சொல்லாத நோய். சமூகவியல் ஆய்வுக்கு அது கருவூலம் என்பதாலேயே நாம் கைவைக்க முடியாது. சிறார் நீதிச் சட்டம் 2015, ஒரு குழந்தையின் அடையாளம் வெளிப்படுவதைத் தடுக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நோயாளியின் இரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. ஆனால் களப்பணிப் படங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் முகம் தெரியச் சுற்றுவதை நான் பார்க்கிறேன், மிகவும் வேதனைப்படுகிறேன். போனதற்குச் சான்றாகப் படம் கேட்கும் வழக்கத்தை ஆசிரியர்கள் நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். வாராந்தரத் தனிச்சந்திப்பில், ஐ.சி. என்று மாணவர்கள் சொல்லும் அந்த ஒரு மணிநேரத்தில், ஏட்டை வரிவரியாக ஆசிரியர் வாசித்துப் பேசினால் படம் எதற்கு? முதுநிலைச் சமூகப்பணிக் கல்வியின் உயிர் அந்த ஒரு மணிநேரத்தில் இருக்கிறது. கௌரவ விரிவுரையாளர் ஒருவர் தலையில் இருபது முப்பது மாணவர்களைச் சுமத்திவிட்டால் அந்த மணிநேரம் கையெழுத்துப் போடும் ஐந்து நிமிடமாகச் சுருங்கிவிடும். குற்றம் அவருடையதாகாது, நிரப்பப்படாத பணியிடங்களுடையது.

என் கோரிக்கைக்கு வருகிறேன்: மாணவர்கள் ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போய், தங்கள் ஏட்டை அடுத்தவருக்குக் கைமாற்ற வேண்டும். இதற்கு நம் மண்ணிலேயே ஒரு முன்னோடி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊரைப் பற்றி எழுதிவரச் சொன்னார். 1918-இல் அது நூலாயிற்று. அந்த ஊர்களில் ஒன்று இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் இருவேல்பட்டு. அதே ஊருக்கு 1930-களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் ஆய்வுக்குழுவோடு திரும்பிப் போனார்கள். 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ஷரும் போனார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போனார்கள். ஊரையே பிடியில் வைத்திருந்த பெருநிலக்கிழாரின் பிடி தளர்ந்ததையும், உழைப்பாளிகள் வயலுக்கு வெளியே வேலை தேடிக்கொண்டதையும் 92 ஆண்டு நீளத்தில் நம்மால் பார்க்க முடிகிறது. தொடங்கியது மாணவர்களின் விடுமுறை வேலை. ஒரு மாணவரின் ஏடு அடுத்தவருக்குக் கைமாறினால் எவ்வளவு பெரிய காரியம் நடக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இரு துறைகளும் சேர்ந்து ஓர் ஊராட்சியைத் தேர்ந்துகொள்ளட்டும். ஆண்டுதோறும் இரு துறை மாணவர்களும் இணையிணையாகப் போகட்டும். இருவரும் ஒரே குடும்பங்களைச் சந்திக்கட்டும். முதல் ஆண்டில் சமூகவியல் மாணவர் ஒரு குடும்பத்தின் மனுவோடு அலுவலகம் ஏறி இறங்கட்டும். சமூகப்பணி மாணவர் நிலப் பதிவேட்டையும் கூலிக் கணக்கையும் எடுக்கட்டும். ஏடு தமிழில், மக்கள் பேசியபடியே எழுதப்படட்டும். பெயர்கள் நீக்கிய பிரதி மட்டும் அடுத்த அணிக்குப் போகட்டும். தங்குவது ஊராட்சித் தலைவர் வீட்டுத் திண்ணையில் வேண்டாம். ஓர் ஆண்டு ஒரு தெரு, அடுத்த ஆண்டு காலனி என்று மாற்றித் தங்கட்டும்.

கண்டறிந்ததை யாரிடம் சொல்வது என்பதற்கும் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அக்டோபர் 2 கூட்டத்தில் மாணவர்கள் எழுந்து, பொதுவாகத் தெரிந்ததை மட்டும், எந்த வீட்டையும் சுட்டாமல், ஊராரிடம் படித்துக்காட்டட்டும். தப்பு என்றால் ஊரார் அங்கேயே திருத்துவார்கள். அந்தத் திருத்தங்களைப் பதிவுசெய்து ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமாகச் சேர்க்க வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே எழுதிவிடலாம். அக்டோபர் கூட்டத்துக்குத் தயாராக வேண்டுமென்றால் ஜூனில் கல்லூரி திறக்கும்போதே ஊர் முடிவாகியிருக்க வேண்டும். அதற்கு இரு துறைகளின் பாடத்திட்டக் குழுக்களும் இந்தக் கோடை விடுமுறைக்குமுன் ஒரே மேசையில் கூட வேண்டும். கூட்டத்துக்கு நாள் குறிக்கும் அதிகாரம் கொண்டவர்கள் இருவரும் இந்த அரங்கில் முன்வரிசையில் இருக்கிறார்கள், உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.